துணிப்பையா, எண்ணிட்ட உறையா, கைபேசியா? சாட்ஸ்வொர்த் சபைகளின் காணிக்கை முறைகள்: ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரிபேங்க், டோங்காட் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் கூடும் கிறிஸ்தவ சபைகளுக்குக் காணிக்கை இன்று பல வழிகளில் வந்து சேர்கிறது. பித்தளைத் தட்டு, கைப்பிடி வைத்த துணிப்பை, எண் அச்சிட்ட உறை, வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தானாகப் பணம் போகும் டெபிட் ஆர்டர், கியூஆர் குறியீடு, கார்டு மெஷின் என எல்லாம் இருக்கின்றன. எதை வாங்குவது, எதை நிறுத்துவது என்று சபைக் குழு உட்கார்ந்து பேசும்போது வழக்கமாக எழும் கேள்விகள் இரண்டுதான்: செலவு எவ்வளவு, வசூல் கூடுமா. இங்கே மதிப்பீடு வேறொரு கேள்வியை வைத்துச் செய்யப்படுகிறது. பணமுள்ளவர்களைப் பற்றி வேதம் சொல்வதற்கு இந்த முறை பொருந்துகிறதா?

வேதம் பணக்காரரைப் பற்றி ஒரே குரலில் பேசவில்லை என்பது உண்மை. ஐசுவரியத்தைச் சம்பாதிக்கும் பெலனைக் கொடுப்பவர் கர்த்தர் என்கிறது உபாகமம் 8:18. ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்கிறது மாற்கு 10:25. எருசலேமில் 'ஊசிவாசல்' என்று ஒரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு முழங்காலிட்டால் நுழைந்துவிடும் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். இயேசுவின் காலத்தில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு எந்த ஆதாரமும் கிடையாது. வசனத்தின் கூர்மையை மழுங்கடிக்கப் பிற்காலத்தில் வந்த விளக்கம் அது. அடுத்த இரண்டு வசனங்களைப் படித்தாலே போதும், சீஷர்கள் ஏன் மிகவும் ஆச்சரியப்பட்டார்கள் என்பது விளங்கிவிடும்.

நடைமுறைக்கு மிகவும் உதவுவது 1 தீமோத்தேயு 6:17-18. செல்வத்தை உடனே துறந்துவிடச் சொல்லி பவுல் அங்கே கட்டளையிடவில்லை. இறுமாப்பு வேண்டாம், நிலையற்ற ஐசுவரியத்தின்மேல் நம்பிக்கை வேண்டாம், தாராளமாய்க் கொடுக்க வேண்டும் என்கிறார். இதை அளவுகோலாக வைத்தால் ஒரு காணிக்கை முறையிடம் கேட்க வேண்டியவை தெளிவாகின்றன. கொடுப்பவருக்கு அது பெருமை தேடித் தரக் கூடாது. இல்லாதவரைக் கூச வைக்கவோ கடனில் தள்ளவோ கூடாது. உள்ளே வந்த ஒவ்வொரு சென்ட்டுக்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

பித்தளைத் தட்டு இந்த அளவில் முதலிலேயே தோற்றுவிடுகிறது. தென்னாப்பிரிக்க நோட்டுகளை நிறத்தை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம்: 10 ரேண்ட் பச்சை, 20 பழுப்பு, 50 சிவப்பு, 100 நீலம், 200 ஆரஞ்சு. தட்டு மூன்றாம் வரிசையில் போகும்போதே யார் ஆரஞ்சு போட்டார், யார் பச்சை போட்டார் என்று பின்வரிசைக்குத் தெரிந்துவிடும். ஆரஞ்சு நோட்டு மடிக்காமல் விரிந்தபடி மேலே கிடக்கும். 5 ரேண்ட் நாணயம் கொண்டுவந்தவர் அது பித்தளையில் மோதிச் சத்தம் கேட்காதபடி மெல்ல நோட்டுகளுக்கு அடியில் நுழைப்பார். தருமம் செய்யும்போது தாரை ஊதாதே என்று மத்தேயு 6:2 சொல்கிறது. தட்டு அந்த வேலையைத் தானே செய்துவிடுகிறது. பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடம் காட்டி, ஏழையைப் பார்த்து 'நீ அங்கே நில்லு' என்று சொல்லும் சபையை யாக்கோபு 2 கண்டிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். தட்டு வைத்திருக்கும் சபைகள் அதை நற்கருணை மேசைக்கு மாற்றிவிடலாம்.

துணிப்பை பரவாயில்லை. ஆனால் வாங்கும்போது ஆழத்தைப் பார்க்க வேண்டும். கை மணிக்கட்டு வரை உள்ளே மறைந்தால்தான் எடுத்துப் போடுவது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கடைகளில் கிடைக்கும் அலங்காரப் பைகள் பல மிகவும் ஆழமற்றவை. கருஞ்சிவப்பு அல்லது கருநீல வெல்வெட், உள்ளே தடித்த பருத்தி உள்துணி, அடித்தையல் இரட்டை வரிசை. ஒற்றைத் தையல் போட்ட பையில் நாணய எடை தாங்காமல் மூலை பிரிந்து, 50 சென்ட், 20 சென்ட் காசுகள் உள்துணிக்கும் வெல்வெட்டுக்கும் நடுவில் போய்த் தங்கிவிடும். பையில் இருக்கும் பெரிய குறை வேறு. கொடுப்பவரை மறைக்கிறது, அதே சமயம் எவ்வளவு வந்தது என்பதையும் மறைக்கிறது. பை வரிசையிலிருந்து அலுவலக அறைக்குப் போகும் வழியில் ஒரு நோட்டு குறைந்தாலும் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பையை மட்டும் நம்பி நடக்கும் சபையில் அதைத் தூக்கிச் செல்வது இரண்டு பேராக இருக்க வேண்டும், அதுவும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது.

இந்த மதிப்பீட்டில் முதலிடம் பெறுவது எண்ணிட்ட உறை. 'உங்களில் அவனவன் தன்தன் வரவுக்குத்தக்கதாக' வாரத்தின் முதல்நாளில் சேர்த்து வைக்கட்டும் என்று 1 கொரிந்தியர் 16:2-ல் பவுல் எழுதியதை அப்படியே காகிதத்தில் செய்வதுதான் இது. 1960களில், குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து பெயர்க்கப்பட்டு சாட்ஸ்வொர்த்துக்கு வந்த குடும்பங்களில் பலருக்குத் துணி, செருப்புத் தொழிற்சாலைகளில் வெள்ளிக்கிழமை வாரக்கூலி. வாரக்கூலிக்காரருக்கு வார உறை பொருந்தியது. இப்போது பலரும் மாதச் சம்பளம் வாங்குகிறார்கள் என்றாலும் உறை இன்னும் நல்ல கருவிதான், சரியாக அச்சிட்டால்.

அச்சிடுவதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. குடும்பத்துக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு 52 உறை. உறையின் முகப்பில் தேதி, குடும்ப எண், தொகை எழுத ஒரு கட்டம், அவ்வளவுதான். பெயர் கூடாது. 200 ரேண்ட் நோட்டு 152 மில்லிமீட்டர் நீளம், 70 மில்லிமீட்டர் அகலம். ஒரே மடிப்பில் அது தாராளமாக உள்ளே போகிற அளவு உறை வேண்டும். சிறிய உறையில் நோட்டை நான்காக மடிப்பார்கள், எண்ணும் மேசையில் ஒவ்வொன்றையும் நீவி விரிக்க நேரம் போகும், இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை பிசகும். மலிவான மெல்லிய வெள்ளைத் தாள் வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளே இருக்கும் ஆரஞ்சும் நீலமும் வெளியே தெரியும், மறைப்பதற்காகத்தானே உறை. தடித்த பழுப்பு மேனிலா தாள் கேளுங்கள்.

ஒட்டும் பசையைப் பற்றி அச்சகத்தில் கட்டாயம் பேச வேண்டும். டர்பனில் டிசம்பர் முதல் மார்ச் வரை இருக்கிற புழுக்கத்தில், நக்கி ஒட்டும் பசை தடவிய உறைகள் பெட்டிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டுவிடும். பிப்ரவரியில் பெட்டியைத் திறந்தால் பாதி உறை பயன்படாது. பசையே இல்லாமல் மடிப்பை உள்ளே செருகும் வகை நல்லது. இல்லாவிட்டால் தாளை உரித்து ஒட்டும் வகை.

எந்த எண் எந்தக் குடும்பம் என்பது ஒரே பதிவேட்டில், ஒரே ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். அவர் பணம் எண்ணுபவராக இருக்கக் கூடாது. போதகராகவும் இருக்கக் கூடாது. இரண்டாவதற்குச் சபைகளில் எதிர்ப்பு வரும். ஆடுகளின் நிலைமை மேய்ப்பனுக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்பார்கள். ஒரு குடும்பம் திடீரென்று கொடுப்பதை நிறுத்தினால் வேலை போயிருக்கலாம், அதைப் பதிவாளர் தொகை சொல்லாமல் 'அந்த வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள் பாஸ்டர்' என்று சொன்னால் போதும். யார் அதிகம் கொடுக்கிறார் என்பது போதகருக்குத் தெரிந்துவிட்டால், அந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கும் ஒரே மாதிரி நேரம் ஒதுக்குவது அவருக்கே கஷ்டமாகிவிடும். போதகரைப் பாதுகாக்கவே இந்த விதி.

எண்ணும் மேசையில் குறைந்தது இரண்டு பேர், முடிந்தால் மூன்று. தீத்துவோடு இன்னொரு சகோதரனையும் பவுல் சேர்த்து அனுப்பியதற்குக் காரணத்தை அவரே 2 கொரிந்தியர் 8:20-ல் சொல்கிறார்: இந்தத் தர்மப்பணத்தைக் குறித்து ஒருவனும் குற்றப்படுத்தாதபடிக்கு. முதலில் உறைகளைத் திறக்காமல் எண்ணி, எத்தனை உறை என்று எழுத வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து, முகப்பில் எழுதிய தொகையோடு உள்ளே இருப்பதை ஒப்பிட வேண்டும். வித்தியாசம் இருந்தால் உள்ளே இருந்ததை எழுதி இருவரும் சுருக்கொப்பம் போட வேண்டும். உறையில் வராத பணத்தைத் தனியாக எண்ண வேண்டும். பிறகு 200-இலிருந்து 10 வரை நோட்டுகள், 5 ரேண்டிலிருந்து 10 சென்ட் வரை நாணயங்கள் என்று வகைவாரியாகத் தாளில் நிரப்பிக் கூட்டி, உறைத் தொகையும் உறையில்லாத தொகையும் சேர்ந்து அதே மொத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இருவரும் கையெழுத்து, திங்கட்கிழமை வங்கி.

இதில் பிழை எங்கே வருகிறது என்று பார்த்தால், திருட்டைவிடப் பழக்கத்தால்தான் அதிகம். விருந்தினர் போதகருக்குப் பெட்ரோல் காசு, பூ வாங்கிய காசு, தேநீருக்குப் பால் வாங்கிய காசு எல்லாம் எண்ணுவதற்கு முன்பே பையிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படும். எடுத்தவர் நல்லவர், கொடுத்த காரணமும் நியாயம். ஆனால் வந்த தொகை என்னவென்று இனி ஒருபோதும் தெரியாது. எல்லாச் செலவும் வங்கியிலிருந்துதான், காணிக்கையிலிருந்து ஒரு சென்ட்டும் இல்லை என்ற விதியை மீறாமல் வைத்துக்கொள்ள வேண்டும். வங்கியில் ரொக்கம் போட ஒவ்வொரு நூறு ரேண்டுக்கும் கட்டணம் உண்டு, நாணயத்துக்கு இன்னும் கூடுதல். அறுப்பின் பண்டிகை போன்ற நாளில் ஒரே தடவையாக 50,000 ரேண்டோ அதற்கு மேலோ ரொக்கம் கட்டினால் வங்கி அதை நிதிப் புலனாய்வு மையத்துக்குத் தெரிவிக்கும். பயப்பட ஒன்றுமில்லை, எண்ணிய தாளைக் கோப்பில் வைத்திருந்தால் போதும்.

ஆண்டு முடிவில் ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் மொத்தத்தை மூடிய உறையில் கொடுக்க வேண்டும். பெயரும் தொகையுமாகப் பட்டியல் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும், வாட்ஸ்ஆப் குழுவில் போடுவதும் இன்னும் சில இடங்களில் நடக்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. ஒருவரின் சமய நம்பிக்கை பற்றிய தகவலுக்கு அது கூடுதல் பாதுகாப்புத் தருகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் பட்டியல் தவறுதான். மேலே இருப்பவருக்கு இறுமாப்பும் கீழே இருப்பவருக்கு அவமானமும் தவிர வேறென்ன தருகிறது?

உறையோடு சேர்ந்தே தசமபாகக் கேள்வியும் வரும். எல்லாரும் பத்திலொன்று என்பது சமமாகத் தோன்றும், கணக்குப் போட்டால் அப்படி இல்லை. மாதம் 10,000 ரேண்ட் வரும் வீடு 1,000 கொடுத்தால் மிச்சம் 9,000. அதில் வாடகை, மின்சாரம், பள்ளிக் கட்டணம், டாக்ஸி. மாதம் 1,50,000 வரும் வீடு 15,000 கொடுத்தால் மிச்சம் 1,35,000. முதல் வீடு மாமிசத்தை வெட்டிக் கொடுக்கிறது, இரண்டாம் வீட்டில் யாருக்கும் எதுவும் குறையவில்லை. ஏழை விதவை இரண்டு காசு போட்டபோது இயேசு பார்த்தது இந்த மிச்சத்தைத்தான். தேவாலயத்தில் எக்காள வாய் வைத்த 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்ததாக மிஷ்னா சொல்கிறது. அந்தப் பெட்டிகளுக்கு எதிரே உட்கார்ந்து அவர் பார்த்தார். விதவையின் காசைச் சொல்லி ஏழைகளிடம் வசூல் கேட்பவர்கள் அதற்கு முந்தைய வசனமான மாற்கு 12:40-ஐயும் சேர்த்து வாசிக்க வேண்டும். விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கும் வேதபாரகரைப் பற்றியது அது.

நியாயப்பிரமாணத்திலும் தசமபாகம் ஆலயச் செலவோடு முடியவில்லை. உபாகமம் 14:28-29-ன்படி மூன்றாம் வருடத்தின் தசமபாகம் லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் அந்த ஊர் வாசலிலேயே வைக்கப்பட வேண்டும். தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10-ஐ மட்டும் உறையில் அச்சிட்டுவிட்டு இதை விட்டுவிடுவது பாதி வேதம்.

வசதியுள்ளவர்களுக்கு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி சொன்ன கணக்கு இன்னும் சிறந்தது. ஆண்டுக்கு 30 பவுண்ட் வந்தபோது 28-இல் வாழ்ந்து 2 கொடுப்பது. 60 வந்தபோதும் அதே 28-இல் வாழ்ந்து 32 கொடுப்பது. வாழ்க்கைச் செலவை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் வரவு ஏற ஏறக் கொடுப்பதன் பங்கும் ஏறும். இதைச் சபையில் நடைமுறைப்படுத்த ஒரு எளிய வழி: உறைப் பெட்டியின் அடியில் ஒரு அட்டை. 'எங்கள் வீட்டுக்கு மாதம் போதுமானது' என்று ஒரு கட்டம், 'வரவில் கொடுக்கும் விழுக்காடு' என்று ஒரு கட்டம். கணவனும் மனைவியும் உட்கார்ந்து நிரப்பி வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். சபைக்குத் திருப்பிக் கொடுக்கும்படி அச்சிட்டால் அதன் பயன் போய்விடும்.

டெபிட் ஆர்டர் சபைப் பொருளாளர்களுக்குப் பிடித்த முறை. மழை பெய்தாலும் விடுமுறை வந்தாலும் பணம் வரும், வாடகையும் மின்கட்டணமும் திட்டமிடலாம், யார் எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. மாதச் சம்பளம் வாங்கும், வசதியான வீட்டுக்கு இது நல்லது. இப்போது டெபிசெக் முறையில் கொடுப்பவர் தம் வங்கியிலேயே ஒருமுறை ஒப்புதல் தருவதால், தெரியாமல் பணம் எடுக்கப்பட்டது என்ற சண்டையும் குறைந்திருக்கிறது.

ஆனால் இரண்டு இடங்களில் இது தவறிப்போகிறது. ஒன்று, மேல்தட்டில். தொகை ஒருமுறை எழுதிக் கொடுத்ததோடு உறைந்துவிடுகிறது. 500 ரேண்ட் என்று எழுதியவர் பதவி உயர்ந்து சம்பளம் இரண்டு மடங்கானாலும் 500-தான் போகும், கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியும் கூடவே இருக்கும். படிவத்திலேயே 'ஒவ்வொரு மார்ச்சிலும் மறுபரிசீலனை' என்று அச்சிட வேண்டும். வரி ஆண்டு பிப்ரவரி முடிவில் முடிவதால் சம்பளக் கணக்கு அப்போது எல்லார் கையிலும் இருக்கும். இன்னொன்று, அடித்தட்டில். கணக்கில் பணம் இல்லாத நாளில் டெபிட் ஆர்டர் போனால் அது திரும்பும், திரும்பியதற்கு வங்கி கொடுப்பவரிடமே கட்டணம் பிடிக்கும். சபைக்கு ஒன்றும் வராது, ஏழைக்குக் கூடுதல் இழப்பு. 2025-ல் மாதத்துக்கு 2,300 ரேண்டை ஒட்டியிருந்த மூத்தோர் உதவித்தொகையில் வாழும் ஒரு தாத்தாவிடமோ ஆயாவிடமோ இந்தப் படிவத்தை நீட்டவே கூடாது. அவர்களாகவே கேட்டால் டீக்கன் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "ஆயா, பேங்க்ல வேணாம். கையில இருக்கும்போது உறையில போடுங்க, இல்லாத மாசம் சும்மா வாங்க." இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்ற 2 கொரிந்தியர் 8:12-ன் பொருள் இதுதான்.

அதே வசனம் கார்டு மெஷினுக்கும் தீர்ப்புச் சொல்கிறது. டெபிட் கார்டு சரி. கிரெடிட் கார்டில் காணிக்கை வாங்குவது கடன் பணத்தை வாங்குவது. மெஷினை அமைக்கும்போதே அதை நிறுத்திவைக்க முடியுமா என்று கேளுங்கள், முடியாவிட்டால் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வையுங்கள். மெஷினை யாரும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. வாசல் மேசையில் திரையைக் கொடுப்பவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

கியூஆர், பேஷாப் இரண்டும் இளைஞர்களுக்கு வசதி, அதிகம் சொல்ல எதுவுமில்லை. 2023 மார்ச்சில் வந்த பேஷாப்பில் தொலைபேசி எண்ணை வைத்தே வங்கிக்கு வங்கி உடனடியாகப் பணம் போகும். குறிப்பு எழுதும் இடத்தில் பெயருக்குப் பதிலாக உறை எண்ணைப் போடச் சொன்னால் பதிவேடு ஒன்றாகவே இருக்கும். ஒட்டப்பட்ட கியூஆரின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டி ஏமாற்றுவது நடக்கக்கூடியது. வாரந்தோறும் ஒருவர் நகத்தால் சுரண்டிப் பார்த்து, ஸ்கேன் செய்தால் சபையின் பெயர் வருகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். மின்சாரம் போகும் ஞாயிறுகளில் இணையம் இருக்காது என்பதால் இதை மட்டும் நம்ப முடியாது.

மேடைக்கு அழைத்து வாங்கும் 'விதைக் காணிக்கை'க்கு மதிப்பெண் இல்லை. ஆயிரம் கொடுப்பவர்கள் முதலில் வாருங்கள், பிறகு ஐந்நூறு, பிறகு இருநூறு என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் உட்கார்ந்திருப்பவரை எல்லாரும் பார்க்கும்படி செய்வது அது. விதைத்தால் நூறத்தனையாய் வரும் என்று சொல்லி வாங்குவது கொடுப்பதை முதலீடாக மாற்றுகிறது. மதத்தை வணிகமாக்குவது பற்றி பண்பாட்டு, சமய, மொழிச் சமூகங்களின் உரிமைகளுக்கான இந்நாட்டின் சிஆர்எல் ஆணையம் விசாரித்து 2017-ல் அறிக்கை வெளியிட வேண்டிய நிலை வந்தது சும்மா இல்லை. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 3 யோவான் 2-ம் வசனம் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தின் நல்வாழ்த்து. அதை எல்லாருக்குமான வருமான வாக்குறுதியாக்க வசனத்தில் இடமில்லை. விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்ற 2 கொரிந்தியர் 9:7-க்கு முன்னால் இந்த முறை நிற்காது.

பிரியாணி டிக்கெட் விற்பனை டர்பன் சபைகளின் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. எல்லாரும் சேர்ந்து வெங்காயம் நறுக்கும் அந்தச் சனிக்கிழமைக்கே தனி மதிப்பு உண்டு. ஆனால் அதைக் காணிக்கையாக எண்ணக் கூடாது. இருபது டிக்கெட் வாங்கியவர் இருபது பொட்டலம் சாப்பாடு வாங்கியிருக்கிறார். அரிசி, கறி, எண்ணெய், பெட்டி, கேஸ் எல்லாவற்றையும் கழித்த பிறகுதான் சபைக்கு வந்தது என்ன என்று அறிவிக்க வேண்டும். மொத்த விற்பனையை அறிவித்துக் கைதட்டுவது பல இடங்களில் நடக்கிறது.

பெரிய தொகை, அதாவது மண்டபக் கூரை போட்டுத் தருகிறேன், ஒலிபெருக்கி வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வரும்போதுதான் ஒரு சபை செல்வத்தைப் பற்றி உண்மையில் என்ன நம்புகிறது என்பது வெளிப்படும். பெயர்ப்பலகை கேட்டால் மறுப்பது எளிது. பணம் வந்த வழியைக் கேட்பது கடினம், ஆனாலும் கேட்க வேண்டும். சகேயு பாதியை ஏழைகளுக்குக் கொடுத்தான், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பினான். இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்ய முடியாது. பதிவில்லாமல் வட்டிக்கு விடும் மஷோனிசாவின் பணம் கூரைக்கு வந்தால், அந்தக் கூரையின் கீழ் உட்காருபவர்களில் அவருக்கு வங்கி அட்டையை அடகு வைத்தவரும் இருப்பார். முறையாகப் பதிவு செய்து கடன் கொடுப்பவருக்குக்கூட, குறுகிய காலக் கடனில் முதல் கடனுக்கு மாதம் 5 விழுக்காடு, அதே ஆண்டின் அடுத்த கடனுக்கு 3 விழுக்காடு என்று சட்டம் வட்டிக்கு எல்லை வைத்திருக்கிறது. அதற்கு மேல் வாங்கியதை வாங்கினவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்வதுதான் சகேயுவின் வழி.

கூலியும் அதே. யாக்கோபு 5:4-ல் பரலோகத்தை எட்டிக் கூக்குரலிடுவது ஜெபமல்ல, பிடித்துவைக்கப்பட்ட கூலி. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச்சில் மணிக்கு 28.79 ரேண்டாக இருந்தது. அப்போது 45 மணி நேர வாரத்துக்கு 1,295.55 ரேண்ட். வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இதே விகிதம்தான். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யும் பணிப்பெண்ணை வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் பதிவு செய்வதும் முதலாளியின் கடமை. இதைக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த பணத்தில் வரும் தசமபாகம் அந்தப் பெண்ணின் காணிக்கை, அவள் அனுமதியில்லாமல் வேறொருவர் பெயரில் கொடுக்கப்படுவது. 4-ஆம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் ஐசுவரியவானையும் லாசருவையும் பற்றிப் பிரசங்கித்த கிறிசோஸ்தம், நம்மிடம் உள்ளதை ஏழைகளோடு பகிராததே திருட்டு என்றார். பகிராததே அப்படியென்றால் பிடித்துவைத்ததை என்னவென்பது?

வசதியுள்ளவர்கள் அடிக்கடி கேட்பது வரிச்சலுகை. இங்கே பொருளாளர்கள் பெரிதும் தவறும் இடம் இருப்பதால் தெளிவாகச் சொல்ல வேண்டும். பொதுநல அமைப்பாக வருமானவரி விலக்குப் பெற்ற சபை என்பதும், கொடுப்பவருக்கு வரிக்கழிவு தரும், வருமானவரிச் சட்டத்தின் 18ஏ பிரிவு அனுமதி பெற்ற அமைப்பு என்பதும் வேறு வேறு. சமய வழிபாடு முதலாவது பட்டியலில் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. ஆகவே ஞாயிறு தசமபாகத்துக்கு 18ஏ ரசீது கொடுக்க முடியாது. சபை நடத்தும் பாலர் பள்ளி, உணவு வழங்கல், முதியோர் பராமரிப்பு போன்றவற்றுக்கு அனுமதி பெற்று, அதற்கென வரும் பணத்தைத் தனியாக வைத்து, தனியாகச் செலவழித்தால் அந்தப் பணத்துக்கு மட்டும் கொடுக்கலாம். கொடுப்பவர் தம் வரிக்குரிய வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம், அதற்கு மேற்பட்டது அடுத்த ஆண்டுக்குப் போகும். 2023 மார்ச் 1 முதல் ரசீதில் கொடுப்பவரின் அடையாள எண், வரி எண் இருந்தால் அது, தொடர்பு விவரம், தனி ரசீது எண் எல்லாம் இருக்க வேண்டும். தசமபாகத்துக்கு 'உதவி நிதி' என்று எழுதி ரசீது கேட்பவருக்கு இல்லை என்று சொல்லத்தான் வேண்டும், எவ்வளவு பெரிய தொகையானாலும்.

80 குடும்பம் உள்ள சபை புதிதாகத் தொடங்கினால் வாங்க வேண்டியது: 4,160 மேனிலா உறைகள், எழுத்துப்பிழைக்கும் புதிதாகச் சேருபவர்களுக்கும் 10 பெட்டி கூடுதல், எண் இல்லாத விருந்தினர் உறை ஒரு கட்டு, ஆழமான வெல்வெட் பை இரண்டு. டெபிட் ஆர்டர் படிவத்தைக் கேட்பவருக்கு மட்டும் கொடுங்கள். வாசலில் ஒரு கியூஆர் போதும். உறையின் ஒரு பக்கத்தில் 'சபைக்கு', மறுபக்கத்தில் 'எளியவர்களுக்கு' என்று இரண்டு அறை வைத்த வகையும் கிடைக்கும். விலை சற்றுக் கூடும், ஆனால் வாங்குங்கள். இரண்டாவது அறையில் வந்தது ஒரு மாதம்கூட ஒலிபெருக்கிக்கோ கூரைக்கோ போகக் கூடாது. அச்சகத்துக்கு நவம்பர் முதல் வாரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். டிசம்பர் நடுவில் டர்பனில் பல அச்சகங்கள் மூடினால் ஜனவரியில்தான் திறப்பார்கள், ஆண்டின் முதல் ஞாயிறுக்கு உறை கைக்கு வராது.